கொழும்பில் பழைய டர்போ கார்: சுபாரு, இவோ பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பதினொரு வருஷமாக ஒரு நீல நிற சுபாரு நிற்கிறது. 2001ஆம் ஆண்டு இம்ப்ரெஸா டபிள்யு.ஆர்.எக்ஸ். அதன் பொனட்டைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் வந்து கேள்வி கேட்பார். ட்யூஷனுக்குப் போகும் பெடியன்கள், வேலையிடத்து நண்பர்கள், ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மா. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

இதை ஏன் ராலி கார் என்று சொல்லுறாங்க? ரோட்டில ஓடுற கார்தானே?

ரோட்டில் ஓடுகிற கார்தான். ஆனால் ராலிக்காகப் பிறந்தது. தொண்ணூறுகளில் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 'குரூப் ஏ' விதிப்படி ஒரு காரை இறக்க வேண்டுமென்றால், அதே அடிப்படையில் 2,500 கார்களைச் செய்து சாதாரண மக்களுக்கும் விற்க வேண்டும். அதனால்தான் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சாதனம்), நாலு சக்கர இழுவை, பொனட்டில் காற்று வாய் எல்லாம் ஒரு குடும்பக் காரின் உடம்புக்குள் வந்தன. இம்ப்ரெஸா டபிள்யு.ஆர்.எக்ஸும் முதலாவது மிட்சுபிஷி லான்சர் இவலூஷனும் (சுருக்கமாக இவோ) 1992இல் வெளிவந்தவை.

அப்புறம் நடந்தது பலருக்குத் தெரியும். கொலின் மக்ரே 1995இல் இம்ப்ரெஸாவில் உலக சாம்பியன் ஆனார். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு முறை டொமி மாக்கினன், மிட்சுபிஷியில். மீண்டும் சுபாருவில் 2001இல் ரிச்சர்ட் பர்ன்ஸ், 2003இல் பெட்டர் சோல்பெர்க். கொழும்பில் இன்றைக்கும் நீல சுபாருவுக்குத் தங்க நிற ரிம் போட ஆசைப்படுவதற்கு அந்தக் காலந்தான் காரணம்.

சுபாரு நல்லமா, இவோ நல்லமா?

ஓட்டுவதற்கு இரண்டும் நல்லம். இவோ ஸ்டியரிங் திருப்பிய உடனே திரும்பும். சுபாரு கொஞ்சம் ஆறுதலாகத் திரும்பி, பிறகு ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்.

வைத்திருப்பதில்தான் வித்தியாசம் பெரிது. சுபாருவின் இ.ஜே.20 எஞ்சின் 1994 சி.சி. பொக்சர், பிஸ்டன்கள் இரண்டு பக்கமும் படுத்தபடி ஓடும். பாரம் தாழ்வாக இருப்பது நல்லது. ஆனால் பிளக் மாற்றுவதற்கே பற்றரியையும் பக்கத்தில் உள்ள குழாய்களையும் கழற்றிக் கையை ஒடுக்கி நுழைக்க வேண்டும். இவோவின் 4ஜி63 எஞ்சின் 1997 சி.சி., இரும்பு பிளொக், நேராக நிற்கும் நாலு சிலிண்டர். பிளக் மேலேயே இருக்கும். எஞ்சினை மட்டும் பார்த்தால் இவோ திடமானது என்பது என் எண்ணம். ஆனால் இவோ நாலு முதல் வந்த பலவற்றில் பின் டிஃபரன்ஷியலை (சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் பாகத்தை) ஹைட்ரோலிக்கில் கட்டுப்படுத்தும் ஏ.வை.சி. இருக்கிறது. அதன் பம்ப் துருப்பிடித்துப் போவது பேர்போன வருத்தம். டாஷ்போர்டில் அந்த லைட் எரிகிற இவோவை "அது சும்மா சென்சர்" என்று விற்பார்கள். அந்தப் பம்பின் விலையைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சுபாருவுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஃபொரெஸ்டர், லெகஸி போன்றவற்றின் சாமான் நிறையப் பொருந்தும். அதனால்தான் நான் சுபாரு பக்கம்.

அண்ணா, இது ஒரிஜினல் இவோவா, லான்சருக்கு கிட் போட்டதா என்று எப்படிப் பார்க்கிறது?

இலங்கையில் இது அவசியமான கேள்வி. சாதாரண லான்சர் சி.எஸ். இங்கே ஏராளம். இவோ பம்பரும் பின் இறக்கையும் போட்டால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. முதலில் எஞ்சின் அறையில் உள்ள செசி தகட்டைப் பாருங்கள். இவோ ஏழு, எட்டு, ஒன்பது என்றால் சி.டி.9ஏ என்று தொடங்க வேண்டும். ஐந்தும் ஆறும் சி.பி.9ஏ. நாலு சி.என்.9ஏ. சி.எஸ். என்று தொடங்கினால் அது சாதாரண லான்சர். சுபாருவில் ஜி.சி.8 பழைய உடம்பு. புதிய உடம்பில் ஜி.டி.ஏ என்றால் டபிள்யு.ஆர்.எக்ஸ், ஜி.டி.பி என்றால் அதைவிட வலுவான எஸ்.டி.ஐ. தகட்டில் உள்ள இலக்கம், உடம்பில் குத்திய இலக்கம், சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுப் புத்தகத்தில்) உள்ள இலக்கம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன வழி: வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பொக்கட்டில் கொண்டு போங்கள். சி.டி.9ஏ இவோவின் பொனட்டும் முன் மட்காட்டும் அலுமினியம். காந்தம் வழுக்கி விழும். ஒட்டிக்கொண்டால், ஒன்றில் அது இவோ இல்லை, அல்லது முன்பக்கம் எங்கேயோ அடிபட்டு வேறு பொனட் போட்டிருக்கிறார்கள். இரண்டும் கேட்க வேண்டிய விஷயம்.

ஜப்பானில இருந்து நல்லதொன்றாப் பார்த்து இறக்க ஏலாதா?

ஏலாது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தது உண்மை. ஆனால் பாவித்த கார்களுக்கு வயது எல்லை இருக்கிறது. இருபது, இருபத்தைந்து வருஷக் காரை அதற்குள் கொண்டுவர முடியாது. இந்த நாட்டில் இப்போது இருப்பவைதான் இருப்பவை. ஒன்று மதிலில் மோதினால், ஒன்று எஞ்சின் உடைந்து கராஜ் மூலையில் உக்கினால், எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. அதன் இடத்துக்கு வேறொன்று வராது. கீழே நான் சொல்லும் பல பதில்களுக்கு இதுதான் காரணம். இந்தக் கார்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

லீட்டருக்கு எத்தனை ஓடும்?

காலி வீதியில் காலையும் மாலையும் என்றால் என்னுடையது ஆறு. அதிவேகப் பாதையில் நூறில் பிடித்துக்கொண்டு போனால் பத்து, பதினொன்று. இந்தக் கணக்கு கஷ்டமாக இருந்தால் இந்தக் கார் வேண்டாம்.

92 அடிச்சா என்ன நடக்கும்? எஞ்சினுக்குத் தெரியவா போகுது?

எஞ்சினுக்குத்தான் முதலில் தெரியும். ஒக்டேன் என்றால் பெற்றோலின் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். பிளக் தீப்பொறி போடுவதற்கு முன்னரோ, தீ பரவி முடிவதற்குள்ளோ, அழுத்தத்தாலும் சூட்டாலும் பெற்றோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஒக்டேன். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அதனால் தாங்கும் சக்தி கூட வேண்டும். இந்தக் கார்களை ஜப்பானில் செய்தபோது அங்கே கிடைக்கும் ஹை ஒக்டேனை நினைத்துச் செய்தார்கள். அது 98, 100 அளவில் இருக்கும். நம் பெற்றோல் ஷெட்களில் வழக்கமாகக் கிடைப்பது 92, 95. ஆகவே 95 அடித்தாலும் கார் எதிர்பார்ப்பதைவிடக் குறைவுதான்.

நொக் சென்சர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது உள்ளே வெடிப்பதைக் கேட்டு இக்னிஷனை, அதாவது தீப்பொறி போடும் நேரத்தை, பின்தள்ளும். ஆனால் அது கேட்பதற்கு முதலில் வெடிக்க வேண்டும். முழு பூஸ்ட்டில் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தில்) அப்படி அடிக்கடி நடந்தால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், பெயாரிங் அடிபடும். கொழும்புச் சூட்டில் இது இன்னும் மோசம். சுபாருவின் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் இருபது நிமிஷம் ஊர்ந்த பிறகு அதைத் தொட்டால் கை சுடும். அந்த நேரத்தில் ரோடு திறந்ததென்று ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால், சூடான காற்றும் குறைந்த ஒக்டேனும் ஒன்றாகச் சேரும். முதலில் ஒன்றிரண்டு நிமிஷம் காற்றுப் பட ஓட விடுங்கள்.

என் வழக்கம்: எப்போதும் 95. தூரப் பயணத்தில் ஒரு ஊரில் 92 மட்டுந்தான் என்றால் அடுத்த ஷெட் வரை போகத் தேவையான அளவு மட்டும் அடித்து, பூஸ்ட் ஏறாமல் மெதுவாகப் போவேன். இந்தக் காருக்கு ஒரே ஒரு ட்யூனிங் செய்யக் காசிருந்தால், 95 பெற்றோலுக்கு ஏற்ற மாதிரி பூஸ்டையும் இக்னிஷனையும் குறைத்து எஞ்சின் கணினியில் மேப் போடுங்கள்.

வாங்கப் போறேன். என்னென்ன வடிவாப் பார்க்கணும்?

விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் முதல் வேலை பொனட்டில் கையை வைப்பது. சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட விட்டிருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளை டிஷுவில் துடையுங்கள். கறுப்பு பரவாயில்லை. டிஷுவை வெயிலில் சரித்துப் பிடித்துப் பார்க்கும்போது செப்பு நிறத்தில் பொடிப்பொடியாக மினுங்கினால் பெயாரிங் தேய்கிறது, காரை விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீர்ப் போத்தலில் எண்ணெய்ப் படலமோ, எஞ்சின் ஓடும்போது நிற்காமல் குமிழியோ வந்தால் ஹெட் கேஸ்கட் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்புறம் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிறுத்தி வைத்தபடி 3,000 வரை ஏற்றிக் காலை எடுங்கள். சுற்று இறங்கும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கேட்டால் கொன்-ரொட் பெயாரிங். ஐந்து கியர் சுபாரு என்றால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள். கரகரத்தால் கியர்பொக்ஸ் களைத்துப்போய்விட்டது. பிறகு ஒரு வெறும் மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பிரேக் பிடிக்கிற மாதிரி இழுத்து இழுத்துப் போனால் நடு டிஃபரன்ஷியல் இறுகியிருக்கிறது, அல்லது டயர் பொருத்தமில்லை. டயர் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கடற்கரைப் பக்கம் நின்ற கார் என்றால் துருவைத் தேடுங்கள். பின் சக்கர வளைவின் உள்பக்கம், பின் ஷொக் மேலே பூட்டும் இடம், கார்பட்டுக்குக் கீழே. நான் மரைன் டிரைவ் அருகில் இருப்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும். மழை இல்லாத மாதங்களிலும் வாரத்துக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். கடைசியாகப் புத்தகம். எஞ்சின் மாற்றியிருந்தால் புதிய எஞ்சின் இலக்கம் அதில் ஏறியிருக்க வேண்டும். நிறம் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். லீசிங் கடன் முடிந்ததா என்று பாருங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றிப் பதியாமல், கை மாறி மாறி வந்த காரை நான் வாங்க மாட்டேன். நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒரு நாள் அலைவது, பிறகு வருஷக்கணக்கில் அலைவதைவிட நல்லது.

காலையில ஸ்டார்ட் பண்ணினா 'டிக் டிக்' என்று கேட்குது. எஞ்சின் போச்சா?

சுபாரு என்றால் பதற வேண்டாம். குளிரில் பிஸ்டன் கொஞ்சம் தளர்வாக இருந்து சிலிண்டர் சுவரில் தட்டும். சூடேறி விரிந்ததும் சத்தம் போய்விட வேண்டும். போய்விட்டால் அது இந்த எஞ்சினின் சுபாவம். மேலே சொன்ன 'டொக் டொக்' நேர்மாறானது: குளிரில் குறைவாகவும் சூட்டில் கூடவும் கேட்கும். அது கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, டோ பண்ணி எடுங்கள். "கராஜ் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்று போன இரண்டு கிலோமீட்டரில் கிராங்க், பிளொக் இரண்டையும் இழந்த நண்பர் எனக்கு இருக்கிறார்.

டைமிங் பெல்ட் இப்பதான் மாத்தினது என்று விற்றவர் சொன்னார். நம்பலாமா?

பில்லும் கழற்றிய பழைய பெல்ட்டும் கையில் தந்தால் நம்பலாம். என் காரை வாங்கியபோது டைமிங் கவரில் கிலோமீட்டர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை நம்பி ஒன்றரை வருஷம் ஓடினேன். வேறு வேலைக்காகக் கவரைக் கழற்றிய மெக்கானிக் பாஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: பெல்ட்டின் முதுகில் நகம் பட்டால் பிரியும் வெடிப்புகள், டென்ஷனரிலிருந்து ஒயில் கசிந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. பெல்ட் மேலிருந்த எழுத்து முழுக்கத் தேய்ந்து மறைந்திருந்தது. ஸ்டிக்கர் மட்டும் புதிது. அன்று கார் வீட்டுக்கு வரவில்லை, சாமான் வரும்வரை ஒன்பது நாள் அங்கேயே நின்றது.

இந்த டர்போ எஞ்சின்களில் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் அசைய வைப்பது இந்தப் பெல்ட்தான், அது அறுந்தால் இரண்டும் மோதும். ஒரு பெல்ட்டின் விலைக்குப் பதிலாக ஒரு எஞ்சினின் விலை. ஆகவே பழைய விபரம் உறுதியாகத் தெரியாவிட்டால், வாங்கிய முதல் வாரமே மாற்றுங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் சேர்த்து. சுபாருவில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது, அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இவோவில் பலன்ஸ் ஷாஃப்டுக்கு (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டுக்கு) இன்னொரு சின்ன பெல்ட் உள்ளே இருக்கும். அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி எஞ்சின் போன கதைகள் உண்டு. சின்னதை மாற்றாமல் பெரியதை மட்டும் மாற்றுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

ஒயில் எப்ப மாத்துறது? எதை ஊத்துறது?

நான் ஊற்றுவது முழு சிந்தடிக் 5டபிள்யு-40. 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது, ஃபில்டரோடு சேர்த்து.

அதைவிட முக்கியம் டிப்ஸ்டிக். சுபாரு டர்போ எஞ்சின் ஒயில் குடிக்கும், அது நோயில்லை. இரண்டு கோட்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு லீட்டர். கீழ்க்கோட்டில் நிற்கும் நிலையில் ஒரு வளைவில் வேகமாகத் திரும்பினால், ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சும். அந்த ஒரு கணம் போதும் பெயாரிங்குக்கு. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும், சமதரையில் நிறுத்திப் பாருங்கள். எனக்குத் தெரிந்து உடைந்த இ.ஜே.20 எஞ்சின்களில் பாதி, டிப்ஸ்டிக்கை இழுக்காததால் உடைந்தவை.

ரெண்டு டயர் மட்டும் மாத்தினா போதாதா? காசு இல்லை அண்ணா.

முன்சக்கர இழுவைக் காரில் போதும். இதில் போதாது. நாலு சக்கரமும் ஒரே தண்டில் கட்டப்பட்ட மாதிரி. முன்னும் பின்னும் சுற்றளவு வேறென்றால், நேராகப் போகும்போதே நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் சறுக்கி வேலை செய்யும், சூடாகி இறுகும். சுபாரு சொல்லும் எல்லை சுற்றளவில் சுமார் 6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: டயரின் பூ (ரோட்டில் படும் வெட்டுப் பகுதி) ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவு 6 மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. ஆகவே நாலும் ஒரே கொம்பனி, ஒரே அளவு, ஒரே பூ, ஒரே தேய்வு. காசில்லை என்றால் விலை குறைந்த நல்ல டயர் நாலு வாங்குங்கள். விலை கூடிய இரண்டைவிட அது மேல்.

ஒரு மேப் போட்டா 400 குதிரை வரும் என்கிறாங்க. போடவா?

என் பதில் வேண்டாம். ஜப்பானில் இது வந்தபோது ஜி.டி.ஏ டபிள்யு.ஆர்.எக்ஸுக்கு 250 குதிரைவலு, எஸ்.டி.ஐக்கும் இவோவுக்கும் 280. அந்த 280 என்ற எண் அன்று ஜப்பானியக் கொம்பனிகள் தமக்குள் வைத்துக்கொண்ட எல்லை. இருபது வருஷம் தேய்ந்த எஞ்சினுக்கு, 95 பெற்றோலில், அந்த அளவே பாரம். 400 என்றால் பம்ப், இன்ஜெக்டர், டர்போ, கிளச், பிஸ்டன் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றி முடித்தாலும் டபிள்யு.ஆர்.எக்ஸின் ஐந்து கியர் பொக்ஸ் அப்படியே இருக்கும். உடையப் போவது அதுதான்.

மேப்பால் மட்டும் 400 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் உங்கள் எஞ்சினைப் பார்க்கவில்லை. முதலில் கொம்ப்ரஷன், லீக்-டவுன் (சிலிண்டரின் அழுத்தமும் கசிவும்) இரண்டும் பார்க்கக் கேட்காமல் லப்டொப்பைத் திறக்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் காசை எதில் போடலாம்? நல்ல டயர், பிரேக் திரவம், பிரேக் பாட், ரேடியேட்டர், பழைய ரப்பர் புஷ்கள், என்ஜின் மவுண்ட். இருபது வருஷ ரப்பரை மாற்றிய பிறகு என் கார் வேறு காராக மாறியது. கிருலப்பனைப் பாலத்தடியில் திரும்பும் அதே வளைவில், ஸ்டியரிங்கைப் பிடித்த விரலுக்கே வித்தியாசம் தெரிந்தது.

பஞ்சிகாவத்தையில சாமான் கிடைக்குமா?

கொழும்பின் கார் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் சுபாருவுக்கு நிறையக் கிடைக்கும்: வீல் பெயாரிங், புஷ், பிரேக் பாட், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர். பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் சரி. பார்ட் நம்பர் தெரிந்தால் இன்னும் நல்லம்.

ஆனால் டைமிங் பெல்ட், டென்ஷனர், ஒயில் பம்ப், பெயாரிங் ஷெல் போன்றவற்றைப் பாவித்ததாகவோ பெட்டி மட்டும் புதிதாகவோ வாங்காதீர்கள். அவை பார்ட் நம்பரோடு ஜப்பானிலிருந்தோ டுபாயிலிருந்தோ வரவேண்டும், மூன்று நாலு கிழமை பிடித்தாலும் சரி. இவோ என்றால் காத்திருப்பு இன்னும் கூட.

மழைக்கு நாலு வீலும் பிடிக்கும்தானே? பயமில்லைதானே?

இழுக்கும்போது பிடிக்கும். நிற்கும்போது எந்தக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக்தான், இதுக்குத் தனி உதவி கிடையாது. நனைந்த ரோட்டில் வேகமாகக் கிளம்ப முடிவதால், நிற்கவும் முடியும் என்று மனம் நம்பிவிடும். நான் பார்த்த விபத்துகள் அப்படித்தான் நடந்தன. முதல் மழையில் காலி வீதியில் எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும் அந்தப் பத்து நிமிஷம் எல்லோரையும் போல மெதுவாகப் போங்கள்.

ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் தண்ணீர் தேங்கும் ரோட்டுக்குள் இறங்கவே வேண்டாம். எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் இழுத்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கொன்-ரொட் வளையும். சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் திருப்பிக்கொண்டு போய், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வடிந்த பிறகு வாருங்கள்.

அந்த சுபாரு சத்தம் வேணும். எந்த சைலன்சர் போடுறது? பொலிஸ் பிடிக்குமா?

சைலன்சரால் வரும் சத்தம் இல்லை அது. எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்தும் டர்போவுக்குப் போகும் எக்ஸோஸ்ட் குழாய்கள் நீளத்தில் வேறுபடுகின்றன. அதனால் புகை சீரில்லாமல் வந்து சேர்ந்து அந்தத் துடிப்பைத் தருகிறது. ஜப்பான் எஸ்.டி.ஐயில் பிறகு வந்த ட்வின்-ஸ்க்ரோல் (டர்போவுக்குப் புகை இரண்டு தனி வழிகளில் போகும்) எஞ்சின்களில் குழாய்கள் சம நீளம். அவற்றில் எந்தச் சைலன்சர் போட்டாலும் அந்தத் துடிப்பு வராது.

சத்தம் கூடின சைலன்சருக்குப் பொலிஸ் மறிக்கும், மறிப்பதும் சரி. என் ஒழுங்கையில் கைக்குழந்தை உள்ள வீடுகள் இருக்கின்றன. நான் ஒரிஜினல் சைலன்சரோடுதான் ஓடுகிறேன். வருஷா வருஷம் புகைப் பரிசோதனைக்கும் அது நல்லது. பெற்றோல் அளவுக்கு மேல் எரியும்படி மேப் போட்ட கார்கள் அங்கேதான் மாட்டும். அது பாஸானால்தான் வருவாய் அனுமதிப்பத்திரம்.

ஞாயிறு மட்டும் எடுப்பன். சும்மா நிப்பாட்டி வைச்சா கெடாதுதானே?

ஞாயிறு தவறாமல் எடுத்தால் கெடாது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். கோட்டாவில் காருக்கு வாரம் 20 லீட்டர் கிடைத்தபோது, அதை வீட்டுத் தேவைக்கு மற்றக் காருக்கே அடித்தேன். சுபாரு நாலரை மாதம் நின்றது. எடுத்தபோது பற்றரி செத்துவிட்டது, பிரேக் டிஸ்க் முழுக்கத் துரு, கிளச் ஒட்டிக்கொண்டிருந்தது, பெற்றோல் புளித்த வாசம். ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைப்பது பிரயோசனமில்லை, ஒயிலில் ஈரம் சேரும். இருபது, முப்பது நிமிஷம் ஓடிச் சூடாக வேண்டும்.

இன்சூரன்ஸ் ஃபுல் எடுக்கிறதா, தேர்ட் பார்ட்டி போதுமா?

ஃபுல். பெறுமதி அறிக்கை எடுத்து, இன்றைய விலைக்குப் போடுங்கள். மாற்றிய சாமான் எல்லாவற்றையும் படத்தோடு எழுத்தில் கொடுங்கள். சொல்லாமல் விட்ட ரிம் ஒன்றுக்காக இழப்பீட்டில் இழுபறி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதை எங்கதான் அண்ணா ஓட்டுறது?

நகருக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. இதுதான் ரோடு. ஆனால் இந்தக் காரின் சுகம் உச்ச வேகத்தில் இல்லை. விடிய ஐந்து மணிக்குக் கிளம்பி, அவிசாவளை தாண்டி கித்துல்கல, கினிகத்தேன ஏற்றத்தில் மூன்றாம் கியரில், 50க்குள்ளேயே, வளைவுக்கு வளைவு அது ரோட்டைப் பிடிப்பதை உணரலாம். டர்போ மெல்ல விசில் அடிக்கும். நுவரெலியா போகும்போது எஞ்சினுக்கும் குளிர்ந்த காற்று.

வேகம் வேண்டுமென்றால் அதற்கு இடம் இருக்கிறது. நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி, கட்டுகுருந்த ஓடுபாதை. முதலில் பார்வையாளராகப் போங்கள். பிட் பக்கம் நின்று, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் அவர்கள் எதை எதைச் சரிபார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஹெல்மெட், ரோல்கேஜ், அனுமதி எல்லாவற்றோடும் ஓட்டுகிறவர்களே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயிலைப் பார்க்கிறார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு டூப்ளிகேஷன் ரோட்டில் ஓட்டம் பிடிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

மாசம் எவ்வளவு போகும்?

மாதக் கணக்கில் சொல்ல முடியாது. ஆறு மாதம் பெற்றோல் மட்டுந்தான், ஏழாம் மாதம் கிளச், டயர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றாக வரும். நான் சொல்லும் கணக்கு: கார் வாங்கும் விலையில் கால்வாசியைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு வாங்குங்கள். முதல் வருஷத்தில் பெல்ட், ஒயில் வகைகள், டயர், ரப்பர், ஹோஸ் என்று அது போய்விடும். இரண்டாம் வருஷத்திலிருந்து ஆறுதல். கையில் உள்ள எல்லாக் காசையும் போட்டு வாங்கியவர்கள்தான் முதல் பழுதில் காரைக் கராஜில் விட்டுவிட்டுப் போனார்கள்.

தம்பி, மகன் இதுதான் வேணும் என்று நிற்கிறான். லைசன்ஸ் எடுத்து நாலு மாசம். வாங்கிக் கொடுக்கலாமா?

இதைக் கேட்டவர் பக்கத்து வீட்டு அம்மா, கையில் கத்தரிக்காய்ப் பையோடு. வேண்டாம் அம்மா என்றேன். முதல் காராக ஒரு சாதாரண லான்சரோ, கொரோலாவோ வாங்கிக் கொடுங்கள். இரண்டு வருஷம் அதில் மழையும் இரவும் மலையும் ஓட்டட்டும். அதற்கு ஒழுங்காக ஒயில் மாற்றுகிறானா, டயரில் காற்றுப் பார்க்கிறானா என்று கவனியுங்கள்.

அவன் ஆசையை நான் குறைத்து நினைக்கவில்லை. அந்த வயதில் எனக்கும் இதே ஆசை இருந்தது, கார் கைக்கு வர முப்பத்தொரு வயது ஆனது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு அனுப்பச் சொன்னேன். வந்தான். டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுத்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்தான். அடுத்த ஞாயிறும் வந்தான்.